ஒரு விரல் செய்தோம்

"ஐந்து விரலும் ஒன்று போல் இருப்பதில்லை" என்று நம் வீட்டுப் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் குணத்தால் வேறுபடுவதைச் சுட்டவே இவ்வாறு கூறுவர். ஆனால், அவ்வைந்தில் ஒன்று போய்விட்டால் எஞ்சிய நான்கும் என்ன பாடுபடும் என்பதை, அருகிருந்து காணும்வரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

எம் தெருவில் தையற்காரர் ஒருவர் இருக்கிறார். எம்மைவிட மூத்தவர், ஆகையால் நமக்கு அவர் அண்ணன், எம் மகளுக்குப் பெரியப்பா. புதுநன்மை வாங்கும் சிறுமியரின் வெண்ணிற உடைகளை அவர் தைத்துத் தரும் நேர்த்திக்காகவே பக்கத்துப் பங்குகளிலிருந்தும் அவரைத் தேடி வருவர். வீட்டில் இரண்டு மாடுகளும் உண்டு. ஒரு நாள் மாலை, மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும் இயந்திரத்தில் தட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, வலக்கைச் சுட்டுவிரலின் மேலிரு கணுக்களும் போய்விட்டன. கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்தது அது. அடிக்கணு மட்டும் எஞ்சியது.

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், சுட்டுவிரலின் இரு கணுக்களை இழப்பது 11 விழுக்காடு உழைப்புத் திறன் இழப்பு எனக் குறிக்கப்பட்டிருந்தது. சட்டத்துக்கு ஏதேனும் ஓர் எண் வேண்டும். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கத்தரிக்கோலைப் பிடிக்கவும், நூலை ஊசியில் கோக்கவும், ஓடும் ஊசிக்கு எதிரே துணியைச் செலுத்தவும், இவையெல்லாவற்றுக்கும் மேலாகத் துணியைத் தடவி அதன் நல்ல பக்கம் எது, உள் பக்கம் எது என அறியவும் அவ்விரலையே நம்பியிருந்த ஒருவருக்கு அது 11 விழுக்காடா, 90 விழுக்காடா என்பதை யாரால் கணக்கிட முடியும்? காயம் ஆறிய பின்னும் அண்ணன் கடையைத் திறக்கவில்லை.

தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் பயிலும் எம் மகள்தான் முதலில் கேட்டாள்: "அப்பா, பெரியப்பாவுக்கு நாமே ஒரு விரல் செய்து தந்தால் என்ன?" நாம் சிரித்தோம். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவ்வாறு தொடங்கிய வேலையில் நாம் கற்றுக்கொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

விரலில் தசை இல்லை

செய்யத் தொடங்குமுன் எதைச் செய்யப் போகிறோம் என்பதை அறிய வேண்டும் அன்றோ? மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 14 விரல்களுக்கு உரியவை: கட்டைவிரலுக்கு இரண்டு, ஏனைய நான்கு விரல்களுக்கும் மும்மூன்று.

ஆனால் நம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறு. விரலை மடக்கவும் நீட்டவும் செய்யும் தசைகள் விரலுக்குள் இல்லை! வலிமை மிக்க அத்தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் உள்ளன. அங்கிருந்து கயிறுகளைப் போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, சிறு உறைகளின் வழியே ஓடி, விரல் எலும்புகளைப் பற்றியிருக்கின்றன. தசை சுருங்கினால் நாண் இழுபடும். நாண் இழுபட்டால் விரல் மடங்கும். ஐயமிருப்பின், உங்கள் இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் தசைகள் அசைவதை உணர்வீர்கள்.

மிதிவண்டியின் தடுப்புக் கட்டையை நாம் இயக்குவதும் இவ்வாறே. கைப்பிடியில் அழுத்துகிறோம், உறைக்குள் ஓடும் கம்பி இழுபட்டுச் சக்கரத்தை நிறுத்துகிறது. வலிமை ஓரிடத்தில், வேலை வேறிடத்தில். விரல் மெலிந்தும் நுண்மையாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடே. தசைகளையெல்லாம் விரலிலேயே வைத்திருந்தால் நம் விரல்கள் வாழைத்தண்டுகளாக இருந்திருக்கும். ஊசியில் நூல் கோப்பது எங்ஙனம்?

நமக்கு முன் செய்தவர்கள்

இழந்த உறுப்புக்கு ஈடு செய்யும் முயற்சி புதியதன்று. எகிப்து நாட்டில், லக்சர் நகருக்கு அருகிலுள்ள கல்லறையொன்றில், ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணொருத்தியின் காலில் மரத்தாலும் தோலாலும் செய்த பெருவிரல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அழகுக்காகப் பிணத்துக்கு அணிவித்ததாக இருக்கலாம் எனச் சிலர் எண்ணினர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அதன் பிரதியைச் செய்து, பெருவிரலை இழந்தோருக்கு அணிவித்து நடக்கச் செய்து, அது உண்மையில் நடக்க உதவியிருக்கக்கூடியதே என 2011இல் எடுத்துக் காட்டினார்.

ஜெர்மானியப் போர்வீரர் கோட்ஸ் ஃபான் பெர்லிகிங்கன் 1504இல் லான்ட்ஸ்ஹூட் முற்றுகையின்போது பீரங்கிக் குண்டால் வலக்கையை இழந்தார். அவருக்குச் செய்யப்பெற்ற இரும்புக் கையின் விரல்களை மற்றக் கையால் மடக்கி நிறுத்தலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் அவை விடுபடும். அக்கையோடு அவர் மேலும் 58 ஆண்டுகள் வாழ்ந்தார்.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று இவற்றைவிட நம் உள்ளத்தைத் தொட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்னும் தச்சர், 2011இல் வட்ட வாள் இயந்திரத்தில் வலக்கை விரல்களை இழந்தார். விற்பனைக்கு இருந்த செயற்கை விரல்களின் விலை அவர் கைக்கு எட்டுவதாக இல்லை. 'நானே செய்துகொள்வேன்' என உறுதி கொண்டு தேடியபோது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐவன் ஓவன் என்னும் கலைஞர், நூலை இழுத்தால் விரல்கள் மடங்கும் பெரிய பொம்மைக் கை ஒன்றைக் காட்டும் படக்காட்சியைக் கண்டார். இருவரும் கடல் கடந்து கடிதத் தொடர்பு கொண்டனர், கூடி உழைத்தனர். தச்சருக்கு விரல் அமைந்தது. பின்னர், பிறவியிலேயே விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் ஒரு கை செய்து தந்தனர். முப்பரிமாண அச்சுப்பொறி என்னும், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக வைத்துப் பொருள்களை உருவாக்கும் கருவி அதற்குத் துணை நின்றது. 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வமைப்பின் வரைபடங்களைக் காப்புரிமை கோராது உலகுக்குப் பொதுவாக வழங்கிவிட்டனர். அதைக் கண்டு பல நாடுகளில் தன்னார்வலர்கள் தத்தம் வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கைகள் செய்து அனுப்பத் தொடங்கினர்.

தச்சர் ஒருவரால் இயலுமெனில் நாமும் முயன்று பார்க்கலாமே என்னும் துணிவு இவ்வரலாற்றிலிருந்தே பிறந்தது.

மேசை மீது வேலை

எம் மகள் வரைந்த திட்டம் எளியது. அண்ணனின் எஞ்சிய அடிக்கணுவின் மீது பொருந்தும் தோல் உறை ஒன்று. அதன் முன்னால், மின்கம்பி பதிக்கும் பிளாஸ்டிக் குழாயில் அறுத்த இரு துண்டுகள். அவையே இழந்த இரு கணுக்கள். துண்டுகளை முதுகுப் பக்கத்தில் செருப்புத் தோலால் ஒட்டி இணைத்தோம். தோலே கீலாக அமைந்தது. உள்ளங்கைப் பக்கத்தில் துண்டுகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவிவிட்டமையால் விரல் உட்புறமாக மட்டுமே மடங்கும். தசைநாணுக்குப் பதிலாகத் தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நூல். கடற்கரை ஊர் மக்கள் தங்கூசி என்பது இதையே. விரலை மீண்டும் நிமிர்த்த, முதுகுப் பக்கத்தில் தையற்கடை எலாஸ்டிக் நாடா. நழுவாது பற்றுவதற்காக நுனியில் மிதிவண்டி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்.

தசையின் இடத்தில் சர்வோ என்னும் சிறு மோட்டார். பறக்கும் பொம்மை விமானங்களில் பயன்படும் இதன் எடை 9 கிராமே. சாதாரண மோட்டார் மின்சாரம் உள்ளவரை சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோவோ, 'இத்தனை பாகை திரும்பு' என்றால் அத்தனை பாகை திரும்பி நின்றுவிடும். நொடிக்கு 50 முறை அதற்கு மின்துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. துடிப்பின் நீளம் ஒரு மில்லி நொடியாயின் ஒரு கோடியிலும், இரண்டு மில்லி நொடியாயின் மறு கோடியிலும் அது நிற்கும். இயற்கையின் ஏற்பாட்டைப் பின்பற்றி அதனை விரலில் வைக்காது முன்கைப் பட்டையில் கட்டினோம்.

விரல் எப்போது மடங்க வேண்டும் என அறிவது உணரியின் வேலை. கரிமம் கலந்த மை பூசிய மெல்லிய பட்டை அது. நீட்டியிருக்கும்போது மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றல் அதில் ஏறத்தாழ 25 ஆயிரம் ஓம். வளைக்க வளைக்கத் தடை மிகும். அதனோடு 47 ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள மின்னழுத்தம் பட்டையின் வளைவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். பட்டையை அண்ணனின் கையுறையில், சுட்டுவிரல் முட்டியின் மேல் பதித்தோம். அவர் எஞ்சிய அடிக்கணுவை மடக்கும்போது பட்டை வளையும்.

உணரியின் சொல்லைக் கேட்டு மோட்டாருக்கு ஆணையிடும் மூளையாக அர்டுயினோ பலகை அமைந்தது. இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் அறியாத மாணவர்களும் எளிதில் கையாளும் பொருட்டு 2005இல் சில ஆசிரியர்கள் உருவாக்கிய பலகை இது. 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள அழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக இது மாற்றும். அண்ணன் கையை நீட்டியபோது 660 என்றும், முட்டியை மடக்கியபோது 400 என்றும் எண்கள் தோன்றின. 660 எனில் மோட்டார் தொடக்க நிலையில் நிற்க வேண்டும். 400 எனில் 80 பாகை திரும்ப வேண்டும். இடைப்பட்ட எண்களுக்கு இடைப்பட்ட பாகைகள். பலகைக்கு நாம் எழுதிய ஆணை இவ்வளவே. ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

80 பாகை என்னும் கணக்கும் அளந்து கண்டதே. விரலின் இரு மூட்டுகளும் நன்கு மடங்க நூல் 1.3 சென்டிமீட்டர் இழுபட வேண்டும். மோட்டாரின் ஒரு சென்டிமீட்டர்க் கரம் 80 பாகை திரும்பினால் அந்த அளவு கிட்டுகிறது.

எல்லாம் முதல் நாளே கைகூடிவிடவில்லை. மோட்டார் அசையும்போதெல்லாம் பலகை மயங்கி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. மோட்டார் புறப்படும் கணத்தில் மிகுதியாக மின்சாரத்தை இழுப்பதே காரணம் எனக் கண்டு, அதற்கு நான்கு மின்கலங்களைத் தனியே கொடுத்து, எதிர்முனைகளை மட்டும் பொதுவாக இணைத்ததும் அத்தொல்லை தீர்ந்தது. நைலான் நூலின் முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. கை அசையாதபோதும் விரல் முதியவர் கைபோல் நடுங்கியது. உணரியின் எண்களைப் பத்துப் பத்தாகக் கூட்டிச் சராசரி காணும்படி செய்த பின்னரே நடுக்கம் நின்றது.

நாம் தைத்த கையுறையைக் கண்ட அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இதைத் தையல் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று கூறி வாங்கிச் சென்றார். விபத்துக்குப் பின் முதன்முறையாகக் கடையின் கதவைத் திறந்து, இடக்கையாலும் எஞ்சிய விரல்களாலும் இரண்டு நாள் முயன்று, உணரிக்கு அளவான உறை வைத்துப் புதிய கையுறை ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தார். விரல் பணியில் எல்லாவற்றிலும் நன்றாக அமைந்த பகுதி அதுவே.

பணிந்தது, உணரவில்லை

ஒரு ஞாயிறு பிற்பகல் அண்ணன் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு எம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தார். அடிக்கணுவை மெல்ல மடக்கினார். மோட்டார் முனகிற்று, பிளாஸ்டிக் விரல் மடங்கிற்று. நீட்டினார், நிமிர்ந்தது. எம் மகள் கை தட்டினாள். அண்ணனின் துணைவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெற்று எவர்சில்வர் டம்ளரை அவ்விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்துத் தூக்கியும் காட்டினார்.

நிறைந்த டம்ளரைப் பிடிக்கத்தான் இயலவில்லை. இதுவும் கணக்கில் அடங்கியதே. மோட்டாரின் ஒரு சென்டிமீட்டர்க் கரம் 1.8 கிலோகிராம் அளவுக்கு நூலை இழுக்கும். ஆனால் நூல் மூட்டிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளியே ஓடுகிறது. விரல் நுனியோ மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகையால் நுனியில் கிட்டுவது பத்தில் ஒரு பங்காகிய 180 கிராம். உராய்வில் அதிலும் ஒரு பகுதி போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை பின்னர் வெளிப்பட்டது. எம் மகள் கொடுத்த அப்பளத்தை அண்ணன் பற்ற முயன்றார், அது நொறுங்கியது. இரண்டாவதும் நொறுங்கியது. சூடான காப்பி டம்ளரின் மீது விரல் பட்டிருந்ததை அவர் அறியவே இல்லை. இறுதியில் தம் சட்டையின் ஓரத்தை அவ்விரலால் தடவினார். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"விரல் மடங்குகிறது தம்பி. ஆனால் துணி தெரியவில்லையே" என்றார்.

மின் உணரி பொருத்திய விரல் செய்தோம் எனப் பெருமை கொண்டிருந்த நாம் தலை குனிந்தோம். நாம் பொருத்தியது ஆணையைக் கேட்கும் உணரி மட்டுமே. மனிதனிடமிருந்து விரலுக்கு வழி அமைத்தோம். விரலிலிருந்து மனிதனுக்கு வழி அமைக்கவில்லை.

எம் மகள் சோர்ந்துவிடவில்லை. அழுத்தினால் மின்தடை குறையும் வட்ட வடிவ உணரி ஒன்றை விரல் நுனியில், ரப்பருக்கடியில் ஒட்டினாள். செல்பேசி அதிர்வதற்குப் பயன்படும் சிறு மோட்டாரை முன்கைத் தோலின் மீது கட்டினாள். நுனியில் அழுத்தம் மிக மிக, முன்கையில் அதிர்வும் மிகும். ஒரு வாரப் பயிற்சியில் அண்ணன் அப்பளத்தை நொறுக்காமல் பற்றக் கற்றுக்கொண்டார். ஆனால் கடைக்குச் சென்று தையல் இயந்திரத்தை மிதித்தவுடன், அதன் ஆட்டம் விரல் நுனிக்கு ஏறி, முன்கை மோட்டார் ஓயாது அதிரத் தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் அவர் அதன் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டார்.

வேலூர் தந்த பாடம்

இதே பாடத்தை நமக்கு முன் பெரியவர் ஒருவர் கற்றிருந்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் அவர். மருத்துவம் பயிலுமுன் தச்சுவேலையும் கட்டட வேலையும் கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளில், நலமாயுள்ள தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

தொழுநோயாளரின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே உலகம் அந்நாளில் நம்பியிருந்தது. அது உண்மையன்று என அவர் கண்டார். ஒரு முறை, துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க இயலாது அவர் தடுமாறியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். சிறுவனின் விரலைப் பார்த்தால், எலும்பு தெரியுமளவு சதை கிழிந்திருந்தது; அவனோ அதை அறியவே இல்லை. நோய் விரலைத் தின்னவில்லை. நரம்புகளை அழித்து வலியைப் பறித்தது. வலி இல்லாமையால் அன்றாடம் படும் காயங்களும் சீழும் விரல்களைக் கரைத்தன.

பின்னாளில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பணியாற்றியபோது அவரும் அவருடைய குழுவினரும், உணர்விழந்த கைகளுக்குச் செயற்கை வலியைத் தரும் கருவி ஒன்றைச் செய்ய முனைந்தனர். கையுறையில் அழுத்த உணரிகளைப் பதித்தனர். அழுத்தம் மிஞ்சினால் காதில் ஒலி எழுப்பினர். நோயாளர் அதைப் பொருட்படுத்தவில்லை. உணர்வுள்ள இடத்தில் மின் அதிர்ச்சியே கொடுத்துப் பார்த்தனர். நோயாளரோ ஆபத்தான வேலையைத் தொடங்குமுன் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்த பின் மீண்டும் இயக்கினர்! பொருளும் காலமும் பெரிதும் செலவான அம்முயற்சி கைவிடப்பட்டது. நிறுத்திவைக்கக்கூடிய வலி, காவல் ஆகாது என்பதே அவர் கண்ட முடிவு.

நம் அண்ணனும் அதையே அன்றோ செய்தார்? அவரைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை.

மோட்டார் இல்லாத விரல்

தோல்வியில் முடிந்தது என எண்ணி எல்லாவற்றையும் பெட்டியில் வைக்க இருந்தபோது, அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "நான் அடிக்கணுவை மடக்கினால்தானே இந்தப் பட்டை வளைகிறது? அந்த மடக்கலே நூலை இழுத்துவிடாதா? நடுவில் இத்தனை கம்பியும் மோட்டாரும் எதற்கு?"

நாமும் மகளும் ஒருவரையொருவர் நோக்கினோம். முட்டி மடங்கும்போது புறங்கைத் தோல் நீள்வதை நாம் எல்லோரும் அறிவோம். புறங்கையில் ஒரு பட்டையில் நூலைக் கட்டி, முட்டியின் மேலாகக் கொண்டுவந்து, உறையின் உட்பக்கமாக விரல் நுனிக்கு ஓடவிட்டால், முட்டி மடங்கும்போதே நூல் இழுபடும். அளந்து பார்த்தோம்: 1.4 சென்டிமீட்டர். நமக்கு வேண்டியிருந்ததோ 1.3! உணரி இத்தனை நாள் அளந்துகொண்டிருந்த அதே அசைவு, விரலை மடக்கத் தானே போதுமானதாக இருந்தது. ஜோகன்னஸ்பர்க் தச்சரின் விரலிலும் மின்சாரம் இல்லை என்பது அப்போதுதான் நம் நினைவில் உறைத்தது. படித்தும் கவனியாது விட்டோம்.

இப்போது அண்ணன் அணிவது மோட்டாரும் மின்கலமும் அற்ற அந்த விரலையே. கையின் வலிமை நேரே நூலுக்குச் செல்வதால் பிடிப்பும் மிகுதி. அதைவிட முக்கியமான ஒன்றை அவர்தாம் கூறினார்: எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது நூலின் இழுப்பினால் அடிக்கணுவுக்குத் தெரிகிறதாம். நாம் மின்சாரத்தால் தர முயன்று இயலாது போனதில் ஒரு சிறு பங்கை ஒரு முழம் தங்கூசி தந்துவிட்டது. ஊசிக்கு அருகில் துணியைச் செலுத்த அவ்விரல் நன்கு உதவுகிறது. துணியின் நல்ல பக்கத்தை அறிய மட்டும் நடுவிரலைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்; இன்னும் சில வேளை தவறுகிறது என்கிறார். காஜா எடுக்கும் வேலையை அவர் துணைவியார் ஏற்றிருக்கிறார். கடை காலையில் மட்டும் திறக்கிறது.

அப்படியாயின் மோட்டார் விரல் வீணா? அன்று. விரலை அடியோடு இழந்தவருக்கு இழுப்பதற்கு அடிக்கணு இராது. அத்தகையோருக்கு அடுத்த விரலின் மீது உணரியைப் பொருத்தி, அது மடங்கும்போது செயற்கை விரலும் மடங்கச் செய்யலாம். முழுக் கையையும் இழந்தோருக்கு, முன்கைத் தசை சுருங்கும்போது தோலில் தோன்றும் நுண்ணிய மின்னோட்டத்தை உணரும் கைகள் 1940களிலேயே ஜெர்மனியில் செய்து பார்க்கப்பட்டன. இன்று மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. எந்தக் கருவி சிறந்தது என்பது கருவியைப் பொறுத்ததன்று. யாருக்கு, என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தது. நாம் முதல் நாளே அண்ணனிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' எனக் கேட்டிருந்தால் மூன்று மாதங்கள் மிஞ்சியிருக்கும். கேளாமலேயே செய்து தர முற்பட்டோம். பிறருக்கு உதவப் புகும் நாம் எல்லோரும் எளிதில் செய்யும் பிழை இது.

முயல்வோருக்குச் சில சொற்கள்

நம் இல்லத்துப் பிள்ளைகள் விடுமுறையில் இத்தகைய விரல் ஒன்றைச் செய்து பார்ப்பது நன்று. உறிஞ்சு குழலை வெட்டி நூல் கோத்து, அட்டையில் ஒட்டினாலே போதும். தசைநாண் இயங்கும் விதம் பத்து வயதுச் சிறுவனுக்கும் விளங்கும். உணரியும் மோட்டாரும் சேர்க்க விரும்பும் பெரிய பிள்ளைகள், மோட்டாருக்கு மின்கலத்தைத் தனியே கொடுக்க மறவாதிருக்கட்டும்.

ஆனால் அதை ஒருவருக்கு அணிவிப்பதாயின், மருத்துவரையோ செயற்கை உறுப்பு அமைக்கும் வல்லுநரையோ கலந்த பின்னரே அணிவிக்க வேண்டும். காயம் ஆறிய தோல் மென்மையானது. உறை இறுகினால் இரத்த ஓட்டம் தடைபடும், உராய்ந்தால் புண்ணாகும். முதலில் நாளுக்குக் கால் மணி நேரமே அணிந்து, கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாதிருந்தால் உறையைத் திருத்த வேண்டும். நீரிழிவு உள்ளோர் இன்னும் விழிப்பாயிருப்பது நலம். அவர்களுள் சிலருக்கும் வலி குறைவாகவே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தட்டை நறுக்கும் இயந்திரத்தின் வாயில், கை உள்ளே போகாதவாறு ஒரு முழ நீளத் தகரக் கூடு அமைக்க, கொல்லருக்கு அரை நாள் வேலை. அண்ணன் வீட்டு இயந்திரத்துக்கு இப்போது அது பொருத்தப்பட்டிருக்கிறது. மூன்று மாதம் பாடுபட்டு நாம் செய்த விரல் எதுவும், அந்தத் தகரம் முன்னமே இருந்திருந்தால் காத்திருக்கக்கூடிய விரலுக்கு ஈடாகாது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அத்தகைய இயந்திரம் இருப்பின், இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு முறை சென்று பார்த்து வாருங்கள்.

மோட்டார் விரல் இப்போது எம் மகளின் கல்லூரியில் இருக்கிறது. முதலாண்டு மாணவியர் அதை இயக்கிப் பார்க்கின்றனர். அதன் கையுறை மட்டும் எம் வீட்டில் உள்ளது. அத்தையலை அண்ணன் கடைக்கு வருவோர்க்குக் காட்டக் கேட்டார், நாம் கொடுக்கவில்லை.